மௌன அஞ்சலி

பேராசிரியர் குணாளன், பன்றி மேய்த்த தன் பால்யத்தை எழுதிய புத்தகம் நாடகமாகியிருந்தது. அவர் கூப்பிடாமலே அவருடைய ஒரே தங்கை பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் காட்சியில், அண்ணனைப் படிக்க அனுப்பிவிட்டுத் தங்கை காய்ச்சலில் செத்துப்போனாள். அரங்கமே மூக்கைச் சிந்தியது. பன்றி கடித்துக்கூடப் படுத்தறியாத பேச்சியம்மாளுக்கு இளக்காரமாகச் சிரிப்பு வந்தது.

பட்டு வேட்டியோடு மேடையேறிய குணாளன், "என் தங்கைக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள்.

"எந்திரிங்கம்மா, செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றாள் பக்கத்திலிருந்தவள், கண்ணைத் துடைத்தபடி.

"அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா" என்று பேச்சியம்மாள் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

குணாளன் அவளைப் பார்த்துவிட்டார். கண்களை இறுக மூடி, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.