எரிக்காத சட்டை

அப்பா கன்னத்தில் விட்ட அறையில் மகள் அலமாரிக் கதவில் மோதி விழுந்தாள்.

"எரிக்கச் சொல்லிக் குடுத்த சட்டையை என்ன பண்ணினே?"

"எரிக்கலப்பா. குடுத்துட்டேன்."

"உன் பழந்துணிப் பைத்தியத்துக்கு என் சட்டைதான் கிடைச்சுதா? எந்தக் கடைக்குக் குடுத்தே?"

அவள் அலமாரியைப் பிடித்து எழுந்தாள். அவர் பெல்ட்டை உருவினார். புதுத்துணி எடுக்காமல், யாரோ உடுத்திக் கழித்ததை வாங்கித் தைத்துப் போட்டுக் குடும்ப மானத்தை வாங்கியது போதாதென்று, அந்தப் பழந்துணிக் கடைத் தையல்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். அவன் ஊரை விட்டு ஓடிப் பத்து நாளாகிறது என்று தெருவே பேசுகிறது.

பெல்ட் மூன்று முறை இறங்கியது. நான்காவது வீச்சை அவள் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல பருத்திச் சட்டையாச்சே, துவைச்சு வைக்கலாம்னுதான் எடுத்தேன். கைப்பக்கம் முழுக்க ரத்தம். உங்களுக்குத்தான் அடிபட்டுடுச்சோன்னு பதறிப் போயிட்டேன்பா."

அவர் பிடி தளர்ந்தது.

"பார்த்தா, உங்க உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. அதான் எந்தக் கடைக்கும் குடுக்கல. அவரைக் காணோம்னு புகார் எழுதிக் குடுத்த போலீஸ் ஸ்டேஷன்லயே குடுத்துட்டேன்."