இடம் பிடித்த மாத்திரை

"ரெண்டு ஊசி போட்டாச்சு! பிரஷர் ஏன் ஏறவே மாட்டேங்குது?" டாக்டர் கத்தினார்.

கட்டிலில் 'சிங்கம் சார்' மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மேடைப் பயத்தைப் போக்கப் பயிற்சி கொடுக்கிற மனுஷர். காலையில் வகுப்புக்குள் ஒரு குளவி நுழைந்ததும் எல்லோரும் அலறியடித்து ஓட, "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று சிரித்தார். கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. முகம் வீங்கி, மைக்கோடு சரிந்துவிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

மனைவி வாசலைப் பார்த்தாள். நாத்தனாரும் மாணவர்களும் அங்கே முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இ... இல்லை டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் குடுக்கற அட்ரினலின் செல்லுல அதோட இடத்துல போய் உக்காந்தாத்தான் வேலை செய்யும். வேற ஏதோ மருந்து முன்னாடியே துண்டு போட்டு அந்த இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு போல. அது என்னன்னு தெரிஞ்சா மாத்து மருந்து இருக்கு. இல்லேன்னா ஆளு கையை விட்டுப் போயிடுவார்!"

நாத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை டாக்டர்!"

"இன்னும் இறங்குது டாக்டர்" என்றாள் நர்ஸ்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதுதான் டாக்டர். எனக்குப் படபடப்புக்குக் குடுத்தது. அவருக்குப் பிரஷர் வந்துடுமோன்னு பயந்து, அவருக்குத் தெரியாம ஜூஸ்ல கலந்து குடுத்துட்டேன். இன்னைக்குக் காலைலயும்..."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். "ப்ரொப்ரனலாலா? அறிவிருக்காம்மா உங்களுக்கு? சிஸ்டர், குளுக்ககான் எடுங்க, சீக்கிரம்! அது வேற வாசல் வழியா உள்ளே போயிடும்."

"அடிப்பாவி! கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்படியும் ஒரு பொண்டாட்டியா?" மாணவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

எதுவும் அவள் காதில் ஏறவில்லை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்ததும், சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள்.

சாயங்காலம் சார் தெளிந்து உட்கார்ந்தார். நாத்தனார் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"இவளைச் சும்மா விடாதேண்ணா!"

சிங்கம் சார் கையை உயர்த்தினார். "விடும்மா. ஏதோ அறியாம செஞ்சுட்டா. நான் மன்னிச்சுட்டேன்."

மாணவர்கள் உருகிப் போனார்கள். "என்ன பெரிய மனசு சார் உங்களுக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாத்தனாரும் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் சார் மனைவியைக் கிட்டே கூப்பிட்டார்.

"நல்லவேளை, ஜூஸ்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்தினே. அந்த அட்டை பத்திரமா இருக்கா? மேடை ஏறும்போது அதுல ஒண்ணு போட்டுக்கலேன்னா எனக்குக் கை கால் உதறுமேடி!"