நிதானம் வந்தால் திறக்கும் கத்தி

நங்கூரம் போடும்போது கயிறு சவேரியின் காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்தது. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான்.

“மச்சான், கயித்த அறு!”

லெயோன் மடக்குக் கத்தியை எடுத்தான். பிடிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசியது. “உங்கள் நாடி வேகமாகத் துடிக்கிறது. கோபம் தணிந்ததும் கத்தி திறக்கும்.”

“அட எழவே, கோவமில்ல, பயம்! இவன் எந்தங்கச்சி புருசன்!”

“ஆழமாக மூச்சு விடுங்கள்.”

“சீக்கிரம் மச்சான், கை வழுக்குது!”

“கத்தாத மாப்ள! நீ கத்தக் கத்த எனக்குப் படபடன்னு வருது.”

சவேரி வாயை மூடிக்கொண்டான். லெயோன் கண்ணை மூடி, மூச்சை மெல்ல இழுத்து விட்டான்.

“நன்றி” என்று கத்தி திறந்தது.

கண்ணைத் திறந்தால் விளிம்பில் கைகள் இல்லை. மச்சானுக்குப் படபடப்பு வரக்கூடாதென்று சவேரி சத்தமே போடாமல் போயிருந்தான்.