வடத்தின் இரண்டு நுனி

"தெக்குத்தெரு ஆளு பிடிச்சிருக்கிற வடத்த வடக்குத்தெரு ஆளு தொட மாட்டான், தங்கச்சி. தோணி உடைஞ்சாலும் சரி."

இனிகோ இதைப் பிளாரன்ஸிடம்தான் சொன்னார். ஆனால் கடற்கரை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாங்க மட்டும் தொட்டுருவோமாக்கும்," என்றார் கஸ்பார், கடலைப் பார்த்தபடி.

இனிகோ வடக்குத்தெருவுக்குத் தலைவர், கஸ்பார் தெற்குத்தெருவுக்கு. இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷமாகிறது. போன திருவிழாவில் வடம் இழுக்கும் போட்டி வைத்தார்கள். இழுத்த இழுப்பில் வடம் அறுந்து இரண்டு கட்சியும் மல்லாக்க விழுந்தன. தாங்கள்தான் ஜெயித்தோம் என்று இரண்டு தெருவும் சொல்லிக்கொண்டு திரிகிறது. எதிர்க்கட்சி நின்றது மேடு, தாங்கள் நின்றது பள்ளம் என்ற புகார் வேறு. உப்பு விளைகிற ஊரில் ஒரு கை உப்புக்குக்கூட ஒரு தெரு இன்னொரு தெருவின் வாசல் மிதிப்பதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பிளாரன்ஸின் தோணி காலையில் கொண்டல் காற்றில் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு வந்து, கரையோர அலைக்குள் மணலில் குத்தி நின்றது. புருஷன் கொழும்பில். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பலகை முனகியது. சாயங்காலம் கடல் ஏறினால் மிச்சமிருப்பது விறகுதான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு பர்மாத் தேக்கு கண்ணில் காணக் கிடைக்கவில்லை. அந்தத் தோணியை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

வடத்தின் நடுவைத் தோணியின் மூக்கைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் வடக்குத்தெரு தனியாக இழுத்துப் பார்த்தது. தோணி அசையவில்லை. பிறகு தெற்குத்தெரு இழுத்தது. அப்போதும் அசையவில்லை. அதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

"ரெண்டு தெருவும் சேந்து ஒரே ஒரு இழுப்பு இழுங்கண்ணே. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்," என்றாள் பிளாரன்ஸ்.

"அது நடக்காது," என்ற இனிகோ, ஒரு நுனியை இழுத்துக்கொண்டு வடக்கே போய் மணலில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். அவர் ஆட்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"அப்ப இந்த நுனி எங்களுது." கஸ்பார் மறு நுனியை எடுத்துத் தெற்கே கொண்டுபோய் அதன்மேல் உட்கார்ந்தார்.

பிளாரன்ஸ் அழுதாள். எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டாள். அவர்கள் வரக் காணோம் என்றதும் இரண்டு தெருவையும் பொதுவாகத் திட்டினாள். வெயில் ஏறியது. அப்புறம்தான் அந்த வடம் அவள் கண்ணில் பட்டது. நடுவில் தோணி, நுனிக்கு ஒரு தெரு. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, தோணி கெடக்கட்டும். எம் பொழப்பு போனது போகட்டும். போன வருசம் யாருதான் ஜெயிச்சது?"

"நாங்க," என்றன இரண்டு பக்கமும்.

"அப்ப அத இன்னைக்கே தீத்துருங்க. எதிரும் புதிருமா நின்னாத்தான மேடு பள்ளம்னு சண்ட? எல்லாரும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மணல்ல நில்லுங்க. நுனிக்கு ஒரு தெரு இழுக்கட்டும். தோணி மூக்குக்கு நேரா வடத்துல செவப்புத் துணி கட்டுதேன். துணி எந்தத் தெருப் பக்கம் வருதோ அந்தத் தெரு ஜெயிச்சது."

ஆட்கள் துள்ளி எழுந்துவிட்டார்கள். தலைவர்கள் இரண்டு பேருடைய முகமும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"எங்க பயலுவ ஆசப்படுதானுவ. நான் என்ன செய்ய," என்றார் இனிகோ. கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஒரு வருஷக் கோபம் முழுவதும் அந்த வடத்தில் ஏறியது. தோணி முதலில் முனகியது, பிறகு அசைந்தது. பிளாரன்ஸும் நாலைந்து பெண்களும் சத்தமில்லாமல் பனந்தடிகளை அதன் அடியில் உருட்டிவிட்டார்கள்.

"ஏலே, தோணி வருதுலே," என்றான் ஒருவன்.

"வந்தா வரட்டும். நீ துணியப் பாருலே."

காய்ந்த மணலில் தோணி ஏறி நின்றபோதுதான் பிளாரன்ஸ் கையை உயர்த்தினாள். சிவப்புத் துணி கட்டிய இடத்திலேயே, தோணி மூக்குக்கு நேராக இருந்தது. ஆட்கள் துணியைப் பார்த்தார்கள், தோணியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தெற்குத்தெருக் குடத்தில் வடக்குத்தெரு தண்ணீர் குடித்தது.

பிளாரன்ஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. எப்பேர்ப்பட்ட முரட்டு மாடுகளை ஒரே வண்டியில் பூட்டிவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பாவம், தலைவர்கள் இரண்டு பேருக்கும்தான் மனசு வெந்திருக்கும் என்று தோன்றியது. சமாதானம் சொல்லலாமென்று கருப்பட்டிக் காப்பியோடு அவர்களைத் தேடினாள்.

தோணிக்கு அந்தப் பக்கம் பீடிப் புகை வந்தது. ஒரே பீடியை இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சேந்து இழுப்போம்னு நாமளே சொல்லியிருந்தா, உன்னை உங்க தெருவுல வச்சிருக்க மாட்டானுவ, என்னை எங்க தெருவுல," என்று சொல்லிக்கொண்டிருந்தார் கஸ்பார்.

"அது சரிதான்லே," என்றார் இனிகோ, இடுப்புக்குக் கீழே தடவிக்கொண்டே. "காலையில பேசி வச்சபடி ஆளுக்கொரு நுனிய அவ கண்ணு முன்னாலயே போட்டு உக்காந்தோம். அந்தத் தங்கச்சிக்கு யோசனை வாரதுக்குள்ள சுடுமணல்ல எனக்கு அடி வெந்துபோச்சு."