வாரத்துக்கு ஒண்ணு

மனைவி அடுப்பை அணைக்கத் திரும்பிய நொடியில், தலைவர் மேஜைமேல் இருந்த இரண்டு டீக் கோப்பைகளையும் சத்தமில்லாமல் இடம் மாற்றினார். அவருடைய சர்க்கரை போடாத டீ அவள் பக்கம் போனது, அவளுடையது அவர் பக்கம் வந்தது. பிறகு பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாக அவளை வேவு பார்த்தார்.

தலைவர் என்றால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நீரிழிவோர் நலச் சங்கத்துக்கு. நிறுவனரும் அவர்தான், ஆயுள் தலைவரும் அவர்தான், கூட்டம் சேராத நாள்களில் பார்வையாளரும் அவரேதான். காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தால், அதை வானிலை அறிக்கை மாதிரி வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்.

சந்தேகம் முந்தாநாள் மத்தியானம் பிடித்தது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து மனைவி பால்கனியில் நின்று தன் அக்காவிடம் போனில் குசுகுசுத்தாள். தலைவரின் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"ஆமாக்கா, டீதான். வாரத்துக்கு ஒண்ணு போட்டாப் போதுமாம். போகப் போக மனசு கொஞ்சம் தேறலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. ... சேச்சே, அவர்கிட்ட மூச்சு விடலை. தெரிஞ்சா அவ்வளவுதான், மைக் செட்டு இல்லாமலே ஆரம்பிச்சுடுவார்."

தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். வாரத்துக்கு ஒரு டீயா? வீட்டில் நாள் தவறாமல் இரண்டு வேளை டீ ஓடுகிறதே. அப்படியானால் அந்த ஒரு டீ வெறும் டீ அல்ல, அதில் டாக்டரம்மா கொடுத்த எதையோ கலக்கிறாள்.

எதற்கு என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் சங்கத்தில் 'சர்க்கரையும் சோர்வும்' என்று ஒரு பேச்சு பேசியிருந்தார். "சர்க்கரை வந்தவங்களை மனச்சோர்வு சத்தமில்லாம வந்து பிடிக்கும். வீட்டுல இருக்கிறவங்க முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். பாக்கணும், அவ்வளவுதான்" என்று முழங்கியபோது கைதட்டல் எழுந்தது. அதில் பாதி, பேச்சு முடிந்ததற்காக.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் இவளுக்குப் புத்தி இப்படிப் போயிருக்கிறது. தலைவருக்கே மனச்சோர்வு என்று செயலாளர் காதுக்கு எட்டினால் போதும். மனுஷன் அந்த நாற்காலியைத் துடைக்கத் துணியோடு காத்திருக்கிறார்.

மனைவி வந்து உட்கார்ந்து, மாற்றி வைத்த டீயை எடுத்துக் குடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

தலைவர் தன் கையிலிருந்ததை உறிஞ்சினார். துப்பறியும் வேலையில் ஒரு வாய் சர்க்கரை டீ குற்றமாகாது என்று நாக்கை வேறு தயாராக வைத்திருந்தார். டீயில் இனிப்பே இல்லை. கில்லாடி, மோப்பம் பிடித்து இவளும் ஒருமுறை கோப்பையை மாற்றியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

"என்னங்க, டீ சரியில்லையா?"

"ஏன் கேக்கறே?"

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்கேன்னு."

"என் மூஞ்சிக்கு என்ன? தெளிவா, உற்சாகமா இருக்கு."

"இருக்கட்டும். மணமகள் தேவை பக்கத்தையே இவ்வளவு நேரமாப் படிக்கறீங்களே, அதான் கேட்டேன்."

தலைவர் பக்கத்தைப் புரட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டீ வேளையிலும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறையை வட்டமடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் அகப்பட்டாள். டீ கொதித்துக்கொண்டிருக்க, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்படியே நில்லு. கையைக் காட்டு."

"ஐயோ, பூனை மாதிரி வந்து நிக்கறீங்களே."

தலைவர் அட்டையைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தூக்க மாத்திரை இல்லை, பித்து தெளிய வைக்கிற மருந்தும் இல்லை. வைட்டமின் டி. நெடிலாகக் கேட்ட காதுக்குக் குறில் இப்போதுதான் விளங்கியது.

நிம்மதி வருவதற்குப் பதில் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த டி குறைந்தால் சோர்வும் கூடலாம் என்று மேடையில் சொன்னதே அவர்தான். அவர் சரக்கை அவர் தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறாள்.

"ஆக, நான் சோர்ந்து போய்க் கிடக்கறேன்னு நீயே முடிவு பண்ணிட்டே."

"நீங்களா?"

"எனக்குத் தெரியாம டாக்டர் வரைக்கும் போயிருக்கே."

"போனேன்."

"எத்தனை வாரமா டீயில கலந்து குடுக்கறே?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அதைத் தலைவர் அன்றுதான் பார்த்தார், பார்த்தும் குற்ற உணர்ச்சி என்று கணக்கில் எழுதிக்கொண்டார்.

அவள் மாத்திரையைத் தன் வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள்.

தலைவர் கையிலிருந்த அட்டையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். ஆயுள் தலைவராயிற்றே, விளக்கம் உடனே வந்துவிட்டது.

"ஏய், நீ ஏன் அதை முழுங்கறே? அது சுகர் வந்து, மனசு சோர்ந்து போனவங்களுக்கு."

மனைவி சர்க்கரை டப்பா பக்கம் திரும்பாமலே இரண்டு கோப்பையிலும் டீயை ஊற்றினாள். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குச் சுகர் வந்து ரெண்டு வருஷமாச்சுங்க."