ஒற்றைப் புழுக்கை

முயல் கூண்டடியைத் தினமும் கூட்டும் துடைப்பத்துக்கு வாய் ஓயாது. “திங்கிறதும் போடுறதும்தான் உனக்கு வேலையா?” என்று முயலை ஏசிக்கொண்டேதான் கூட்டும்.

இன்று கூண்டடியில் ஒரு புழுக்கைகூட இல்லை. வீட்டுக்காரர்கள் பாசமாய் ஊட்டிய பிஸ்கட்டால் வயிறு கட்டிப்போய், முயல் மூலையில் சுருண்டு கிடந்தது. துடைப்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெறுந்தரையையே நாலு தடவை கூட்டிப் பார்த்தது.

“நான் ஏசினதை மனசுல வச்சு அடக்கிட்டிருக்கியா? தாராளமாப் போடு தாயீ. இந்தக் காய்ஞ்ச புல்லைக் கொஞ்சம் கடி.”

முயல் முனகியபடி இரண்டு இழை மென்றது. வெயில் சாயும்போது, மிளகளவில் ஒரே ஒரு புழுக்கை விழுந்தது.

“அள்ளிடலாமா?” என்றது குப்பைமுறம்.

“தொட்டுப் பாரு, தெரியும் சேதி!” என்று குறுக்கே படுத்துக்கொண்டது துடைப்பம்.