மூணாவது மீன்வீடு

"பாரு, இன்னைக்கும் என் கல்லைத்தான் அடிக்கப் போறாங்க" என்றாள் விஜயலெட்சுமி.

குண்டு தூக்கும் மெஷினை ஓட்டுகிற ஷெல்டன் சிரித்தான். "ஏன்னு மிஸ்கிட்டயே கேட்டுத்தான் பாருங்களேன் அக்கா."

பதுளையிலிருந்து கடலைப் பார்க்கவே அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் அவர்கள் வேலை செய்கிற பட்டறையில் மீனுக்குத்தான் வீடு கட்டுகிறார்கள். கடலுக்குள் காற்றாலை நடுகிறார்களே, அதன் காலடியில் மீன் குடியேறப் போடுகிற, ஓட்டை ஓட்டையான கொங்கிறீட் கல்.

செய்தவர் தன் பேரை ஈரத்திலேயே ஆணியால் கீறிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று கல்லுக்குச் சோதனை. இருபது கிலோ இரும்புக் குண்டைத் தலை உயரத்திலிருந்து போடுவார்கள். பத்து முறை அடித்தாலும் வெடிக்கக் கூடாது.

இரண்டு கல்லைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மூன்றாவது, சோதனை பார்க்கிற ஸுபைரா மிஸ்ஸின் இஷ்டம். பன்னிரண்டு வாரமாக அந்த மூன்றாவது விஜயலெட்சுமியின் கல்தான்.

"நாலு ஆம்பளைங்க இதே வேலைதான் செய்றாங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு நான் ஒருத்திதான் கண்ணுல படுறேனா? இந்த மாசம்தான் என்னை நிரந்தரமாக்குறதான்னு முடிவு பண்றாங்க. ஒரு கல்லு வெடிச்சா போதும், மறுபடியும் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அந்த மிஸ்ஸுக்கு அப்படி என்ன வயித்தெரிச்சலோ."

மிஸ் வந்தாள். நேராக விஜயலெட்சுமியின் கல்லைத்தான் காட்டினாள்.

குண்டு விழுந்தது. பத்து அடி. கீறல்கூட இல்லை.

"இன்னும் அஞ்சு போடுங்க ஷெல்டன்."

விஜயலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெடிக்கிற வரைக்கும் போடுவீங்களா மிஸ்?"

மிஸ் ஷெல்டனுக்குக் கையைக் காட்டினாள். பதினைந்தும் விழுந்த பிறகு கல்லைத் தடவிப் பார்த்து, பைலில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் மெனேஜர் புவனேந்திரன் கூப்பிட்டனுப்பினார். போனால், அங்கேயும் அந்த மிஸ். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் விஜயலெட்சுமி உள்ளே போனாள்.

மெனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். "நிரந்தரமாக்கியாச்சு. கையெழுத்துப் போடுங்க."

அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவா சேர்?"

"கொங்கிறீட்டை அச்சுல இடிச்சு இறுக்கப் பொம்பளைக் கைக்குப் பலம் பத்தாது, மூணு மாசத்துல நிறுத்திடலாம்னு நீங்க சேர்ந்த அன்னைக்கு நான்தான் சொன்னேன்" என்று மெனேஜர் தலையைச் சொறிந்தார். "அதிலிருந்து இந்த மிஸ் வாராவாரம் உங்க கல்லோட ரிப்போட்டைக் கொண்டாந்து வச்சு, 'இந்தப் பலம் பத்துமா சேர்'னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னைக்குப் பதினஞ்சு அடியும் தாங்குனதைப் பாத்துத்தான் எனக்கு வெக்கம் வந்துச்சு."